மலையும் நகரும்: மலாக்கா வழிநடையின் வரலாறு

பயணம் செய்வோன் எதைக் காண்கின்றான் என்பது, அவன் எவ்வழியே செல்கின்றான் என்பதைப் பொறுத்தது. இவ்வுண்மையைத் தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர். வழி கூறுதலையே பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை என்னும் தனித்ததோர் இலக்கிய வகையைப் படைத்த பெருமை அவர்க்கு உண்டு. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனைக் கண்டு, இன்ன வழியில் செல்க, இன்ன ஊரில் தங்குக, இன்ன உணவு கிடைக்கும், இன்ன இடையூறு உண்டு, இறுதியில் இன்ன வள்ளலைக் காண்பாய் என்று உரைப்பதே ஆற்றுப்படையின் அமைப்பாகும்.

இவ்வகை நூல்களுள் மலைபடுகடாம் தனிச்சிறப்பு உடையது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளைக் கொண்ட இப்பாட்டு, பத்துப்பாட்டுள் பத்தாவதாக நிற்பது. கூத்தர் கூட்டமொன்று நவிர மலையைக் கடந்து, சேயாற்றங்கரை வழியே, நன்னன் ஆளும் செங்கண்மா நகரை அடைய வேண்டிய வழியை அது விரித்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, பாம்புறையும் குழிகள் எங்குள்ளன, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றி நடக்க வேண்டும் என்பன போன்ற செய்திகள் எல்லாம் அதிலுண்டு. மலையில் எழும் பல்வேறு ஓசைகளைக் கேட்டுச் செல்லுமாறு கூறுவதாலேயே அதற்கு மலைபடுகடாம் என்னும் பெயரும் அமைந்தது. மலையேற்றத்தையும் நகர்காண் பயணத்தையும் ஒரே வழித்திட்டமாக இணைத்துத் தந்த பழைய தமிழ் நூல் இதுவெனலாம்.

இன்று இத்தாலி செல்வோர் வடக்கே தோலோமைட் மலைகளில் சில நாள் நடந்து, பின் வெனிஸ், புளோரன்ஸ், உரோம் முதலிய பழம்பெரு நகரங்களைக் காணும் வகையில் தம் பயணத்தை வகுத்துக்கொள்கின்றனர். மலையும் நகரும் அடுத்தடுத்து அமைந்த பயணம் மனத்துக்கு இரட்டை இன்பம் அளிக்கும் என்பது அவர் கருத்து. அத்தகைய பயணத்துக்கு மலேசியத் தமிழ் மாணவர் கடல் கடக்க வேண்டுவதில்லை. மெர்லிமாவ் நகரில் நின்று, வானம் தெளிந்த காலைப்பொழுதில் வடகிழக்கே நோக்கினால், 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலை கண்ணுக்குப் புலப்படும். மேற்கே கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா மாநகரம். மலைக்கும் நகருக்கும் இடையே அமைந்தது மெர்லிமாவ். இவ்விரண்டையும் இணைத்த வழிநடையின் வரலாறு, மலாக்கா வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியாகும்.

கடலை நோக்கிய நகரம்

மலாக்காவின் வரலாறு பெரும்பாலும் கடலிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. பருவக்காற்று இரண்டும் சந்திக்கும் நீரிணையில் அமைந்த துறைமுகம் அது. மேலைக் காற்றில் வந்த தமிழக, குசராத்து, வங்காள வணிகரும், கீழைக் காற்றில் வந்த சீன, சாவக வணிகரும் அங்கே பொருள் மாற்றிக்கொண்டனர். வணிகர் கூட்டங்களைக் கண்காணிக்கச் சாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவருள் ஒருவர் தமிழகக் கரையினரையும் வங்காளத்தினரையும் பெகு, பாசை நாட்டினரையும் மேற்பார்த்தார்.

இத்தாலியர்க்கும் மலாக்கா புதிதன்று. போலோஞா நகரினராகிய லுடோவிக்கோ டி வர்த்தேமா, 1510-ஆம் ஆண்டு உரோமில் வெளியிட்ட தம் பயண நூலில் மலாக்காவைப் பற்றி எழுதினார். புளோரன்ஸ் வணிகராகிய ஜொவான்னி தா எம்போலி, 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபொழுது அவர்களுடன் இருந்தார். கிழக்கு நாட்டு நறுமணப் பொருள்களை ஐரோப்பாவில் விற்றுச் செழித்த நகரம் வெனிஸ். அப்பொருள்கள் கடந்து வந்த வாயில் மலாக்கா. ஆகவே மலாக்கா எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே வெனிஸின் வாழ்வும் உள்ளது என்னும் கருத்தைத் தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர் தம் நூலில் பதிந்து வைத்தார்.

இந்நகரில் தமிழர் பெற்ற இடம் சிறியதன்று. 1511-இல் நகரைக் கைப்பற்றிய அல்புகர்க், நைனா சாத்து என்று போர்த்துக்கீசியர் குறிப்பிடும் தமிழ் வணிகரை இசுலாமியர் அல்லாத குடிகளுக்குத் தலைவராக்கினார். 1514-இல் அப்பதவி வேறொருவர்க்கு மாற்றப்படவிருப்பதறிந்து, அவர் தாமே தீப்புகுந்து உயிர் துறந்தார். மானம் இழந்தபின் வாழாமை என்னும் பண்பைத் தமிழ் மாணவர் நூல்களிற் படிப்பர். அது மலாக்காவின் மண்ணிலும் நிகழ்ந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1641-இல் ஒல்லாந்தர் ஆட்சி வந்தது. அவர்கள் காலத்தில், 1781-இல், மலாக்காச் செட்டிகளின் தலைவராகிய தெய்வநாயகம் செட்டி அளித்த நிலத்தில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்தது. பொற்கொல்லர் தெருவில் அவ்வாலயமும், அதனை அடுத்து 1748-இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும், சீனர்தம் செங் ஹூன் தெங் கோயிலும் அருகருகே இன்றும் விளங்குகின்றன. மொழியால் மலாயும் வழிபாட்டால் சைவமுமாக வாழும் மலாக்காச் செட்டிகள், காஜா பேராங் பகுதியில் தம் குலமரபைக் காத்து வருகின்றனர். 2008-இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இவையனைத்தும் கரையோர வரலாறே. நகருக்குப் பின்னே நிலம் உண்டு. அந்நிலத்தின் தலைமேல் மலை உண்டு. நீரிணையிற் செல்லும் மாலுமிகள் கடலிலிருந்தே அம்மலையைக் கண்டு கரையை அடையாளம் தெரிந்துகொண்டனர்.

கட்டப்படாத பாலங்கள்

மலையையும் நகரையும் இணைத்துப் பேசிய முதற் கதை, செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று இலக்கியத்தில் உள்ளது. 1488 முதல் 1511 வரை மலாக்காவை ஆண்ட சுல்தான் மஹ்மூட் ஷா, லேடாங் மலையில் வாழ்வதாகக் கூறப்பட்ட இளவரசியை மணக்க விழைந்தார். ஹங் துவா உள்ளிட்ட தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். மலையடியில் காற்றும் மழையும் குளிரும் அவர்களை வாட்டின. முதுமை எய்தியிருந்த ஹங் துவா மேற்செல்ல இயலாது தங்கிவிட, துன் மாமாட் என்பவர் சிலருடன் மேலேறினார். காற்றில் ஒலிக்கும் மூங்கிற் காடுகளையும், மேகம் தவழும் பூந்தோட்டத்தையும் அவர் கண்டார். அங்கே முதிய பெண்ணொருத்தி இளவரசியின் விடையைக் கொண்டுவந்து உரைத்தாள்.

அவ்விடை நிபந்தனைகளாக அமைந்தது. மலாக்காவிலிருந்து லேடாங் மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் அமைத்தல் வேண்டும். ஏழு தட்டுக் கொசுவின் நெஞ்சும், ஏழு தட்டு நுண்பூச்சியின் நெஞ்சும் வேண்டும். ஒரு சாடிக் கண்ணீரும், ஒரு சாடி இளம்பாக்கின் நீரும் வேண்டும். இறுதியாக, அரசனின் குருதியும் இளவரசனின் குருதியும் ஒவ்வொரு கிண்ணம் வேண்டும். மற்றவற்றையெல்லாம் நிறைவேற்ற எண்ணிய சுல்தான், குருதி என்ற இடத்தில் நின்றுவிட்டார். திருமணம் நிகழவில்லை.

இக்கதையை ஆசை அளவு கடந்த அரசனுக்கு அளிக்கப்பட்ட நயமான மறுப்பென்றே பலரும் விளக்குவர். அது சரியே. ஆயினும் அதில் நிலவியலும் உண்டு. நகரத்திலிருந்து மலைவரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அக்காலத்தில் அவ்விடைவெளி முழுதும் சதுப்பும் அடர்காடும் ஆகும். கடலிற் சீனம்வரை தூது அனுப்பிய அரசுக்கு, தன் முற்றத்து மலைவரை ஒரு பாதை இல்லை. பாலம் கேட்ட இளவரசி, உண்மையில் அரசனின் ஆட்சி உள்நாட்டை எட்டவில்லை என்பதையே சுட்டிக்காட்டினாள் எனவும் கொள்ளலாம். 1563-இல் மலாக்காவிற் பிறந்த கோடின்ஹோ டி எரேடியா, 1613-இல் எழுதிய மலாக்கா பற்றிய நூலிலும், இம்மலை மாய அரசியொருத்தியின் உறைவிடம் என்னும் நம்பிக்கையே இடம்பெற்றது. நூறாண்டு கடந்தும் மலை கதையாகவே இருந்தது. வழி ஆகவில்லை. பொன் விளையும் நாடாக விவிலியம் கூறும் ஓபீரின் பெயரை ஐரோப்பியர் அம்மலைக்குச் சூட்டியதும், காணாத ஒன்றைக் கற்பனையால் நிரப்பும் அவ்வியல்பையே காட்டும்.

1854: வாலேஸ் நடந்த வழி

மலையையும் நகரையும் ஒரே பயணத்திற் கண்டு, அதனைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் தலையாயவர் ஆல்ஃபிரட் ரசல் வாலேஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒருங்கே கண்டவராகிய இவ்வறிஞர், 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் சிங்கப்பூரை அடைந்தார். அவ்வாண்டு சூலை முதல் செப்டம்பர் வரை மலாக்காப் பகுதியில் தங்கினார். 1869-இல் வெளிவந்த மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய அவருடைய நூலில், மலாக்காவுக்கும் லேடாங் மலைக்கும் உரிய இயல் ஒன்றுண்டு. மலாக்காவிற் பிறந்து தமிழும் கற்று, மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்த முன்ஷி அப்துல்லா, மெக்காப் பயணத்தில் உயிர்நீத்ததும் அதே 1854-ஆம் ஆண்டே ஆகும்.

வாலேசின் பயணத்தைத் திட்டமிடல் என்னும் நோக்கிற் படித்தால் பல பாடங்கள் கிடைக்கும். அவர் ஒரே மூச்சில் மலையை நோக்கி விரையவில்லை. முதலில் நகரில் தங்கி, மலாக்காப் போர்த்துக்கீசியர் இருவரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டார். ஒருவர் சமையல் செய்தார். மற்றவர் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தினார். பின் காடிங் என்னும் உட்பகுதிச் சிற்றூரில் சீனர் ஈயச்சுரங்கம் நடத்திய இடத்தில் இரு வாரம் தங்கினார். அங்கே காய்ச்சல் கண்டு நகருக்கு மீண்டார். அரசு மருத்துவர் அளித்த கொயினா மருந்தினால் உடல்நலம் பெற்றார். அதன் பின்னரே வெந்நீர் ஊற்று உள்ள ஆயர் பானாஸ் என்னும் ஊருக்குச் சென்று, அங்கிருந்த அரசாங்க விடுதியில் தங்கினார். மலைப்பயணம் அங்கிருந்து தொடங்கிற்று.

மலையடியில் ஒரு வாரமேனும் தங்க எண்ணியதால், சுமை தூக்கவும் வழிகாட்டவும் மலாய்க்காரர் அறுவரை அமர்த்தினார். காட்டுவழி முழுதும் அட்டைகள் மிகுந்திருந்தன. மலையடியில் பாறையோடையின் அருகே குடில் அமைத்து, அங்கிருந்து உச்சிக்குச் சென்றனர். இடைவழியில் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் பாடாங் பத்து எனப்படும் பாறைவெளி வந்தது. பாறையிடுக்குகளில் அரிய பெரணிகளும் குடுவைத் தாவரங்களும் வளர்ந்திருந்தன. குடிநீர் கிடைக்கும் என எண்ணிய இடத்தில் அது கிடைக்கவில்லை. நாவறண்ட நிலையில், குரங்கின் பானை என்று மலாய் மக்கள் அழைக்கும் அக்குடுவைத் தாவரத்தின் நீரையே பருகினர். பூச்சிகள் மிதந்த நீர் ஆயினும் அது தாகம் தணித்தது.

உச்சியிற் காப்பி காய்ச்சும்பொழுது, நீரின் கொதிநிலையைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணிக்கவும் வாலேஸ் முயன்றார். தழைகளைப் பரப்பிப் போர்வை விரித்து அன்றிரவை உச்சியிலேயே கழித்தனர். மாலை வெளிச்சத்தில் அவர் கண்ட காட்சி, முடிவற்ற காடும் அதனிடையே மின்னிச் செல்லும் ஆறுகளுமே. அழகிய காட்சிதான், எனினும் தம் நாட்டு ஸ்னோடன் மலையிலிருந்தும் சுவிட்சர்லாந்து மலைகளிலிருந்தும் காணும் காட்சிக்கு இது ஈடாகாது என்பது அவருடைய கருத்து. காடு மட்டுமே தெரிவது அவர்க்கு ஒரே தன்மையாய்த் தோன்றிற்று.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், 1336-இல் பிரான்சின் தென்பகுதியிலுள்ள வென்டூ மலையில் ஏறியதைக் காட்சிக்காகவே மலையேறிய பயணத்தின் தொடக்கமாக ஐரோப்பியர் கொண்டாடுவர். வாலேசோ அறிவுக்காக ஏறினார். மலையடியில் யானையின் சுவடும் காண்டாமிருகத்தின் சுவடும் இருந்தமையால் இரவெல்லாம் தீ மூட்டிக் காவல் இருந்தனர். அரிசி தீர்ந்து, பெட்டிகள் பறவைகளாலும் பூச்சிகளாலும் நிறைந்தபின்னரே ஆயர் பானாஸ் வழியாக மலாக்கா திரும்பினர்.

கொசுவும் குருதியும்

லேடாங் மலையடி காய்ச்சலுக்குப் பேர்போனது ஆதலின், அங்கே நெடிது தங்கிய வாலேசின் துணிச்சலைக் கண்டு அவருடைய நண்பர்கள் வியந்தனர். ஆயினும் மலையடியில் தங்கிய நாள்களில் அவர் குழுவினர் எவர்க்கும் காய்ச்சல் வரவில்லை. அவர் காய்ச்சல் கண்டதோ சுரங்கப்பகுதியாகிய காடிங்கில். இதற்குரிய விளக்கம் அக்காலத்தில் எவர்க்கும் தெரியாது. 1897-இல் ஐதராபாத்தை அடுத்த செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியா நோயின் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளான் பகுதியில் பணிசெய்த மருத்துவர் மால்கம் வாட்சன், மலாயாவில் இந்நோயின் நிலவியலை ஆராய்ந்தார். மலைப்பாங்கான இடத்தில் காட்டை அழித்தவுடன், நிழலில் ஓடிய தெளிந்த ஓடைகள் வெயிலுக்குத் திறக்கின்றன. அந்நீரிலேயே நோய் பரப்பும் கொசுவினம் ஒன்று பெருகுகின்றது. காட்டு நிழல் இருக்கும்வரை அடங்கியிருந்த நோய், காடு வெட்டியபின் தொழிலாளர் குடியிருப்பைச் சூறையாடுகின்றது. இவ்வுண்மை அறியப்படுமுன்னர்க் காடு வெட்டப் போனவர் யார் என்பதே வரலாறு கேட்க வேண்டிய வினாவாகும்.

1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத் தலைவராகிய ரிட்லியின் தூண்டுதலால் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அதனையடுத்து லேடாங் மலையின் அடிவாரத்திலேயே புக்கிட் அசகானிற் பெருந்தோட்டம் எழுந்தது. மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. இத்தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டபின், கங்காணி முறையே ஆள் திரட்டும் பெருவழியாயிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை அது நீடித்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர், பினாங்கில் இறங்கித் தனிமைப்படுத்தும் முகாமைக் கடந்து, தோட்டத்து லயத்தை வந்தடைந்தனர்.

விடியலுக்கு முன்னே பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டச் சென்ற அம்மக்கள், காடு வெட்டினர். வடிகால் தோண்டினர். கல்லுடைத்துச் சாலை போட்டனர். இருப்புப்பாதை வேலையும் செய்தனர். 1905-இல் தம்பினையும் மலாக்காவையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சப்பானியர் காலத்தில் அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தண்டவாளம் போன வழியிலேயே தோட்டத் தமிழரும் ஆயிரக்கணக்கிற் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் பலர்.

இளவரசி கேட்ட நிபந்தனைகளை இங்கே மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். மலாக்காவிலிருந்து மலைவரை பாலம் வேண்டும் என்றாள். கொசு, கண்ணீர், குருதி ஆகியவற்றை விலையாகக் கேட்டாள். சுல்தான் கொடுக்க மறுத்த விலையை, ஏறத்தாழ நானூறாண்டுக்குப் பின் வந்த கூலி மக்கள் கொடுத்தனர். இன்று மலாக்காவிலிருந்து மெர்லிமாவ், ஜாசின், அசகான் வழியாக மலையடிவரை தார்ச்சாலை செல்கின்றது. அது பொன்னாலும் ஆனதன்று, வெள்ளியாலும் ஆனதன்று. மலேரியாக் காய்ச்சலுக்கு உயிரீந்தவர், வியர்வையைச் சிந்தியவர் ஆகியோரின் கைகளால் ஆனது.

பெயர் எழுதா வழிகாட்டிகள்

வாலேசின் சுமையைத் தூக்கி உச்சிவரை ஏறிய மலாய்க்காரர் அறுவரின் பெயர்கள் அவ்வியலில் இல்லை. சமைத்தவர் பெயரும் இல்லை. முதிய வேட்டைக்காரர் ஒருவர், ஆர்கஸ் என்னும் காட்டுக்கோழியை இருபதாண்டு வேட்டையிலும் காட்டில் உயிரோடு கண்டதில்லை என்று கூறியதாக வாலேஸ் குறித்துள்ளார். அவ்வளவு அறிவுடையவர்க்கும் பெயர் எழுதப்படவில்லை. ஆற்றுப்படை நூல்களிலோ நிலை வேறு. அங்கே வழி சொல்பவனே தலைமை மாந்தன். வள்ளலின் பெருமையும் அவன் வாய்மொழி வழியாகவே வெளிப்படுகின்றது.

மலையடிவாரத் தமிழர் நிலையும் அவ்வறுவர் நிலையை ஒத்ததே. மூன்று தலைமுறை மலையைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். மலைமுகட்டில் மேகம் படிவதைக் கண்டு, இன்று மழை, பால் வெட்டில்லை என்று கணித்தவர். ஆயினும் ஓய்வு நாளில் மலையேறி மகிழும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. நடை அவர்க்கு இன்பப் பயணம் அன்று. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர், தம் குறைகளை எடுத்துரைக்கக் கோலாலம்பூரை நோக்கி நெடுநடை மேற்கொண்டனர். மலையடியிலிருந்து தலைநகர்வரை நடந்த நடை அது. மலைக்கும் நகருக்கும் இடையே மலாக்காத் தமிழர் நடந்த நடைகளுள் வரலாறு குறித்துக்கொள்ளத் தக்கது அதுவே. வாலேசின் நடை நூலாயிற்று. இந்நடையோ மக்கள் நினைவில் மட்டும் தங்கிற்று. நினைவுடையோர் மறையுமுன் அதனை எழுத்தாக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.

மெர்லிமாவிலிருந்து ஒரு வழித்திட்டம்

தமிழ்ப்பள்ளிகள் மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா செல்வது வழக்கம். கோட்டை வாயிலின் முன்னே படம் எடுத்துக்கொண்டு, கடைவீதியில் பொருள் வாங்கி, அன்று மாலையே திரும்புவது அதன் பொது இயல்பு. அப்பயணத்தால் மாணவர் பிறருடைய வரலாற்றைப் பார்த்துவிட்டு வருகின்றனரே தவிர, அவ்வரலாற்றுள் தமக்குள்ள பங்கை உணர்வதில்லை. இக்குறை நீங்க, மலையையும் நகரையும் இணைத்து மூன்று நாள் வழித்திட்டம் ஒன்று வகுக்கலாம்.

முதல் நாள் நகரத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் 1521-இல் குன்றின்மேல் எழுப்பிய தேவாலயத்தின் இடிபாட்டில் நின்று நீரிணையைக் காணல் வேண்டும். போர்த்துக்கீசியர் கோட்டையை 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்ததை முன்ஷி அப்துல்லா எழுதிவைத்துள்ளார். எஞ்சிய ஒற்றை வாயிலின் அருகே அச்செய்தியை ஆசிரியர் எடுத்துரைக்கலாம். பின்னர்ப் பொற்கொல்லர் தெருவும் செட்டிகளின் குடியிருப்பும் காணத் தக்கன. நகரத்துக்கு ஒரு நாள் போதாது என்பது உண்மையே. எனினும் எல்லாவற்றையும் காண முயல்வோர் எதையும் காண்பதில்லை. சிலவற்றைத் தேர்ந்து நின்று காண்பதே சிறப்பு.

இரண்டாம் நாள் இடைநிலத்துக்கு உரியது. சுற்றுலாத் திட்டங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் நாள் இதுவே. கடற்கரைச் சாலையில் மெர்லிமாவ் வந்து, வண்ண ஓடுகள் பதித்த படிக்கட்டுடன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மலாய்ப் பெங்குலு வீட்டைக் காணலாம். பின்னர்த் தோட்டங்களின் ஊடே ஜாசின் செல்லலாம். இரப்பர் நின்ற நிலத்திற் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. லயங்கள் பல மறைந்தன. தோட்டத்துக் கோயில்களும் முதியோர் சிலரும் எஞ்சியுள்ளனர். மாணவர் அம்முதியோரிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து யார் வந்தனர், எந்தச் சாலையை யார் போட்டனர், எந்த ஓடையில் யார் காய்ச்சல் கண்டனர் என்று கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். ஆயர் பானாஸ் வெந்நீர் ஊற்றருகே வாலேசின் வழியும் இவ்வழியும் ஒன்றுசேர்கின்றன.

மூன்றாம் நாள் மலைக்கு உரியது. மலையேற முன்பதிவும் பூங்கா வழிகாட்டியின் துணையும் வேண்டும். ஜொகூர்ப் பக்கத்துச் சாகில் வழி பலரும் அறிந்தது. விடியலிற் புறப்படுதல், பிற்பகல் இடிமழைக்கு முன்னே இறங்கத் தொடங்குதல், போதிய நீர் கொண்டு செல்லுதல் ஆகிய மூன்றும் தவறா விதிகள். மலையில் நீர் கிடைக்கும் என்று நம்பிச் சென்ற வாலேஸ் பட்ட பாடு போதும் சான்று. ஏற இயலாத இளையோர் மலையடி அருவியோடு நின்றுவிடலாம். ஹங் துவாவே இடைவழியில் நின்றவர் ஆதலின் அதில் இழுக்கில்லை.

மலைபடுகடாம் மலையைக் கடந்து நகரை அடையும் வழியைக் கூறிற்று. ஈண்டு நகரிலிருந்து மலைக்குச் செல்லும் வழி கூறப்பட்டது. இம்மாற்றத்துக்குக் காரணம் உண்டு. கூத்தர்க்கு முடிவிற் பரிசில் அளிக்கும் மன்னன் நகரிலிருந்தான். இன்றைய மாணவர்க்கு முடிவிற் கிடைக்க வேண்டிய பரிசில் ஒரு காட்சியாகும். வாலேஸ் 1854-இல் உச்சியிலிருந்து கண்டது காடு மட்டுமே. இன்று அதே உச்சியிலிருந்து நோக்குவோர்க்குக் காட்டின் எல்லைக்கப்பால் வரிசை வரிசையாகச் செம்பனைத் தோட்டங்களும், அவற்றினூடே செல்லும் சாலைகளும், ஊர்களும் தெரிகின்றன. நகரையும் இடைநிலத்தையும் கண்டபின் மலையேறிய மாணவர், அவ்வரிசைகளை இயற்கையின் அழகென்று மட்டும் காணார். அவற்றை நட்ட கைகள் யாருடையவை என்று அறிந்தே காண்பர்.

வழியறிந்தோன் வழி சொல்லுதல் தமிழர் மரபு. மலாக்காவின் மலைக்கும் நகருக்கும் இடையே உழைத்தோரின் வழி இதுவரை எழுதப்படவில்லை. எழுதுகோல் பிடிக்கும் கைகள் மெர்லிமாவிலும் ஜாசினிலும் அசகானிலும் இன்று நிரம்ப உள்ளன. அவ்வழியை எழுதும் ஆற்றுப்படை அவர்களிடமிருந்தே தோன்றுதல் வேண்டும்.